முந்திரி யாருடைய பெயர்?

பாயசத்துக்கு நெய்யில் வறுத்துப் போடும் இரண்டு பொருள்களை ஒரே மூச்சில் சொல்வது நம் வழக்கம்: முந்திரி, திராட்சை. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ ஒரு மளிகைக் கடையில் கேட்டால் கடைக்காரர் யோசிக்காமல் இரண்டு பொட்டலங்களை எடுத்து வைப்பார். அந்த இரண்டில் ஒன்று மற்றதன் பெயரை எடுத்துக்கொண்டு வாழ்கிறது. முந்திரி என்பது முதலில் திராட்சையின் பெயர்.

இதற்குச் சான்று தேடி ஏட்டுச்சுவடிக்குப் போக வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். யாழ்ப்பாண வழிவந்த குடும்பத்தில் வயதான அம்மா ஒருவர் ‘முந்திரிகைப் பழம்’ என்றால், அது கொடியில் குலைகுலையாகத் தொங்குவது. மலையாளி வீட்டில் முந்திரிங்ங என்பதும் அதே பழந்தான்; நாம் முந்திரிப்பருப்பு என்பதை அவர்கள் கசுவண்டி என்பார்கள், பழைய ஆள்கள் பறங்கியண்டி என்பார்கள். தென்னாற்காட்டிலிருந்து பால்மரம் வெட்ட வந்தவரின் பேரனுக்கோ முந்திரி என்றால் பண்ணுருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் நிற்கும் மரம். சொல் ஒன்று, வீடு மூன்று, பொருள் இரண்டு.

இந்த மூவரும் அண்டை வீட்டுக்காரர்கள் ஆனதற்கு ரயில் ஒரு பெரிய காரணம். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடா வரை தண்டவாளம் போடப்பட்டு வண்டி ஓடியது. ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் படித்த ஆள்கள் வேண்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் எழுத்தர்களாக, ஸ்டேஷன் மாஸ்டர்களாக வந்தார்கள். யாப் ஆ லோய் காலத்துச் செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேக் குடியிருப்பாயிற்று. ஸ்காட் சாலைப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் நிற்கிறது. தோட்டங்களுக்கு வந்த தமிழர் இன்னொரு வழியாக, இன்னொரு வகுப்பாக வந்தவர்கள். அவர்களுடைய முந்திரிதான் எண்ணிக்கையால் வென்றது. இன்றைய மலேசியத் தமிழில் முந்திரி என்றால் கொட்டை. மறுபேச்சில்லை. வென்ற சொல்தான் மூத்த சொல் என்று ஆகிவிடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

முந்திரிகை என்பது முழு வடிவம், முந்திரி அதன் குறுக்கம். வடமொழி அமரகோசம் இந்தப் பழத்துக்குத் தரும் பெயர்களில் மூன்று நமக்கு வேண்டியவை: மிருத்வீகா, கோஸ்தனீ, திராக்ஷா. மிருத்வீகா, மிருது என்ற சொல்லின் உறவு, மெத்தென்ற பழம். கோஸ்தனீ என்றால் பசுவின் முலைக்காம்பு. நீண்டு தொங்கும் வகையைப் பார்த்தவர் யாரோ சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றாவதுதான் நம் திராட்சை. முதல் பெயராகிய மிருத்வீகா பாலி மொழியில் முத்திகா ஆயிற்று. சிங்களத்தில் அது இன்னும் தேய்ந்து ‘மிதி’ என்று நிற்கிறது (காலால் மிதிப்பது அல்ல). தமிழ், மலையாள முந்திரிகையையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பதே பொருத்தம். வல்லினத்துக்கு முன் ஒரு மூக்கொலி நுழைந்திருக்கிறது. நடுவில் உள்ள ரகரம் மூலச்சொல்லின் எச்சமாக இருக்கலாம். அந்தக் கடன் கொடுக்கல் வாங்கல் அதோடு முடியவில்லை. சிங்களர் காய்ந்த திராட்சையை ‘முத்தரப்பலம்’ என்கிறார்கள். நம் முந்திரிப்பழத்தை அப்படியே எடுத்துக்கொண்ட சொல் அது. தமிழில் முந்திரிப்பழம் கொடியின் பழமாக இருந்த காலத்தில் எடுத்தது என்பதற்கு அதன் பொருளே சாட்சி.

பாலி முத்திகாவைத் தேடியும் பிரிக்பீல்ட்ஸை விட்டு வெளியே போக வேண்டாம். ஜாலான் பெர்ஹாலாவில் பௌத்த மகா விகாரை இருக்கிறது. 1894இல் சிங்களப் பௌத்தர்கள் தொடங்கிய சங்கத்தின் விகாரை அது. நண்பகலுக்குப் பிறகு பிக்குகள் உணவு கொள்வதில்லை. ஆனால் சில சாறுகளை அருந்தலாம் என்று விநய நூல் விட்டுக்கொடுக்கிறது. அந்த எட்டுப் பானங்களில் மாம்பழச் சாறும் நாவல்பழச் சாறும் உண்டு, முத்திகபானமும் உண்டு: திராட்சைச் சாறு. ஆக கந்தசுவாமி கோயிலுக்கும் விகாரைக்கும் இடையில் நடந்து போகிற தூரத்துக்குள் ஒரே பெயரின் மூன்று வடிவங்கள் குடியிருக்கின்றன.

சங்க இலக்கியத்தில் இந்தப் பழத்துக்குத் தனிப் பெயர் பேசப்படவில்லை என்று குறைபடுகிறவர்கள் உண்டு. குறைபட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் கொடி வரவில்லை, குடந்தான் வந்தது. நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த தேறல் இருக்கிறது. அரிக்கமேட்டு மண்ணில் அந்த மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குடித்தவனுக்கு மதுவின் பெயர் போதும், செடியின் பெயர் எதற்கு?

இன்னொரு முந்திரியையும் இங்கேயே ஒதுக்கி வைத்துவிடலாம். பழைய தமிழ்க் கணக்கில் 320இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். அதையும் 320ஆல் வகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று. பழத்துக்கும் பின்னத்துக்கும் ஒலி ஒன்றுதான். உறவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி மரத்துக்கு வருவோம். பிரேசில் கடற்கரையில் துப்பி மக்கள் ‘அகாஜு’ என்றார்கள், போர்த்துக்கீசியர் அதைக் ‘காஜு’ ஆக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் கப்பலில் அது கோவாவுக்கும் மலையாளக் கரைக்கும் வந்து இறங்கியது. மலையாளத்தார் வந்த வழியைப் பெயரில் எழுதி வைத்துக்கொண்டார்கள்: பறங்கிமாவு, கப்பல்மாவு. யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீசியர் சொன்ன சொல்லே ‘கஜு’ என்று நிலைத்தது. கூடவே மரமுந்திரிகை என்றும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் கொட்டைமுந்திரி, மரமுந்திரி.

இந்த அடைமொழிகளைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயரை இருவர் பங்கிட்டுக்கொள்ளும்போது அடைமொழி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பின்னால் வந்தவர். வெறும் முந்திரிகை என்றால் கொடி. புதிதாக வந்ததற்கு மரம் என்றோ கொட்டை என்றோ முன்னால் ஒன்றைச் சேர்த்தார்கள். பிறகு மரம் ஊரெல்லாம் பரவியது. கொடியைக் கண்ணால் பார்த்தவர் குறைவு. மரமோ மணல்மேட்டில் கேட்பாரற்று வளர்ந்தது. அடைமொழி உதிர்ந்து மரம் வெறும் முந்திரியாயிற்று. இப்போது பழைய சொந்தக்காரனுக்கு அடைமொழி தேவைப்பட்டது: கொடிமுந்திரி. ஒரு காலத்தில் தொலைபேசி என்றால் கம்பி கட்டியது மட்டுந்தான். கைப்பேசி வந்த பிறகு பழையதைத் தரைவழித் தொலைபேசி என்கிறோமே, அதே கதை. 1862இல் வந்த வின்சுலோ அகராதியில் இந்தக் குழப்பத்தின் நடுக்கட்டத்தைப் பார்க்கலாம். பின்னம், கொட்டை மரம், கொடி எல்லாம் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

கொட்டை பழத்துக்கு வெளியே முந்திக்கொண்டு நிற்பதால் முந்திரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ‘முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே’ என்று வீட்டில் திட்டு வாங்காத தமிழ்ப் பிள்ளை இல்லை, அதனால் நம்பவும் எளிது. ஆனால் அந்தக் கொட்டை நம் நாட்டு மண்ணைத் தொடுவதற்கு முன்பே சொல் இருந்தது, அதுவும் முந்திக்கொண்டு நிற்காத ஒரு பழத்துக்கு. விளக்கம் பின்னால் வந்தது; பெயரின் ஒலியும் கொட்டையின் கோலமும் பொருந்திப் போனதால் ஒட்டிக்கொண்டது. பெயர் இடம் மாறியதற்குப் பருப்பைவிடப் பழமே காரணம் என்பது என் கணிப்பு. முந்திரி மரத்தின் சதைப்பழம் சாறு நிறைந்தது, பிழிந்து வைத்தால் தானே புளித்துப் போதை தரும். கோவாவில் அதிலிருந்துதான் பெனி வடிக்கிறார்கள். சாறு, புளிப்பு, மது என்ற வரிசையை அறிந்திருந்தவர்களுக்குக் கைக்கு எட்டிய பழைய பெயர் முந்திரிகைதானே?

பெயரை இழந்த கொடி திராட்சை என்ற வடசொல்லுக்குள் குடிபுகுந்தது. இதில் கிறிஸ்தவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஹென்றி பவர் தலைமையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முடிந்த தமிழ் வேதாகமத் திருப்புதல் திராட்சச்செடி, திராட்சத்தோட்டம், திராட்சரசம் என்று இந்தச் சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் விதைத்தது. திராட்சைக் கொடியையே பார்த்திராத தோட்டத் தமிழனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் சொல்லைக் கேட்டான். பிரிக்பீல்ட்ஸில் தமிழ் லுத்தரன்களின் சீயோன் பேராலயம் இருக்கிறது. தரங்கம்பாடியில் தொடங்கிய சபையின் கிளை அது. அந்த வழியாகவும் திராட்சை இங்கே வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தாரின் பாயசத்தில் இன்னொரு வேடிக்கை. கஜுவும் பிளம்ஸும் போட்டேன் என்பார்கள். பிளம்ஸ் என்றால் காய்ந்த திராட்சை. ஆங்கிலேயர் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பிளம் புட்டிங்கில் பிளம் பழம் கிடையாது, காய்ந்த திராட்சைதான். முன்பு அவர்கள் மொழியில் அதற்கும் அந்தப் பெயர் இருந்தது. அங்கே வழக்கொழிந்த பொருள் யாழ்ப்பாணச் சமையற்கட்டில் பிழைத்துக்கிடக்கிறது. ஆகத் தன் பெயரைக் கொட்டைக்குக் கொடுத்த திராட்சை, பிளம்மிடம் ஒரு பெயரை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

மலாய்க்காரர்கள் இந்தச் சிக்கலுக்குள் வரவே இல்லை. பழத்துக்குப் பாரசீகத்தின் அங்கூர், காய்ந்ததற்குப் பாரசீகத்தின் கிஸ்மிஸ், கொட்டைக்குப் போர்த்துக்கீசியரின் காஜுவிலிருந்து வந்த காஜுஸ். மூன்றும் தனித்தனிப் பெட்டி. ஆனால் முந்திரி மரத்துக்கு அவர்கள் வைத்த இன்னொரு பெயரைப் பாருங்கள்: ஜம்பு மோன்யெட், அதாவது குரங்கு ஜம்பு. ஜம்பு என்பது நாவல் மரத்தின் வடமொழிப் பெயர். ஜம்புத்வீபம் தமிழில் நாவலந்தீவு ஆனதும் அதனால்தான். மலாயில் அது பன்னீர்ஜம்புக்குப் போயிற்று, பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த கொய்யாவுக்கு ஜம்பு பத்து என்று போயிற்று, முந்திரி மரத்துக்கும் போயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய பல செடிகளுக்குப் பழைய உலகம் புதுப்பெயர் தேட மெனக்கெடவில்லை. கையிருப்பில் இருந்ததைக் கொடுத்து அனுப்பியது.

அமெரிக்கக் காட்டுத் திராட்சைகளுக்கும் அதுவே நடந்தது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக் காடுகளில் மரங்களின் மேல் ஏறிப் படரும் ஒரு கொடிக்கு லின்னேயஸ் 1753இல் வைட்டிஸ் லப்ரஸ்கா என்று பெயர் வைத்தார். லப்ரஸ்கா என்பது ரோமானியர் தங்கள் ஊர்ப் புறத்தில் தானாக முளைத்த திராட்சைக்கு வைத்திருந்த பெயர். வெர்ஜிலின் ஆயர் பாடல்களிலேயே அது வருகிறது. இத்தாலியக் காட்டுக்கொடியின் பெயரை எடுத்துக் கடலுக்கு அப்பால் இருந்த வேறொரு கொடிக்கு மாட்டிவிட்டார்கள். இத்தாலிக் கொடி இன்று தாவரவியலில் வேறு பெயரில் நிற்கிறது. மரமுந்திரியும் கொடிமுந்திரியும் போல அதற்கும் இதற்கும் சண்டை வரவில்லை. பேச ரோமானியர் யாரும் மிச்சமில்லை.

குடியேறிய ஆங்கிலேயர் அதை ஃபாக்ஸ் கிரேப் என்றார்கள், நரித் திராட்சை. வில்லியம் பென் 1683இல் எழுதிய கடிதத்திலேயே அந்தப் பெயர் வருகிறது. அறியாமையால் வைத்த பெயர் என்று அவர் சலித்துக்கொள்கிறார். ஏன் நரி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்: அதன் மணம், நரி தின்பது, இலையின் அடியில் இருக்கும் பழுப்பு மயிர். தமிழனுக்கு இந்த விளக்கங்கள் தேவையில்லை. நரிவெங்காயம், நரிப்பயறு, பேய்ப்பாகல், நாய்க்கடுகு என்று அடுக்கிக்கொண்டே போவோம். வீட்டில் வளர்ப்பதைப் போலவே இருக்கும், ஆனால் அதுவல்ல என்பதைச் சொல்ல நாம் ஒரு விலங்கையோ பேயையோ முன்னால் நிறுத்துகிறோம். நரித் திராட்சையும் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. எட்டாத பழம் புளிக்கும் என்ற நரிக்கு இதில் வேலையில்லை.

லப்ரஸ்காவை அடையாளம் காண ஒரு வழி உண்டு. மற்றத் திராட்சைகளில் இரண்டு கணுவில் சுருள்கம்பி வந்தால் மூன்றாவது கணு வெறுமையாக இருக்கும். இது மட்டும் கணுவுக்குக் கணு விடாமல் கம்பி விடும்.

இதன் மணத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் கொடியைப் பார்க்காமலே அறிவார்கள். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் விற்கும் ஊதா நிற கிரேப் மிட்டாயையும் சோடாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பசாரில் வாங்கும் திராட்சையின் ருசி அதில் இருக்காது. ‘சாயந்தானே, எப்படி ருசிக்கும்’ என்று பெரியவர்கள் தள்ளிவிடுவார்கள். அது வெறும் கற்பனை ருசியல்ல, வேறொரு திராட்சையின் ருசி. லப்ரஸ்கா வழிவந்த கான்கார்டு திராட்சையில் மெத்தில் ஆந்திரனிலேட் என்ற பொருள் மிகுந்திருக்கிறது. மிட்டாய்க்காரர்கள் கலப்பது அதைத்தான். அதே பொருள் மல்லிகையிலும் இருக்கிறது. ஜாலான் துன் சம்பந்தனில் சரம் தொடுக்கும் பூக்கடைக்கும், பக்கத்துக் கடையின் ஊதாச் சோடாவுக்கும் அந்த அளவில் ஒரு உறவு.

கான்கார்டை உருவாக்கியவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊரைச் சேர்ந்த எஃப்ரைம் புல். காட்டுக்கொடியின் விதையிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துக் கழித்து, 1849இல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 20 ஆண்டு கழித்து நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் அதன் சாற்றைப் புளிக்காமல் சூடாக்கி அடைத்தார். மெதடிஸ்ட்காரரான அவருக்குத் திருவிருந்தில் மது கூடாது. ஆக உலகின் புட்டித் திராட்சைச் சாறு கோயில் பீடத்துக்காகப் பிறந்தது. சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் 1885 முதல் மெதடிஸ்ட் சபை வந்தது அமெரிக்க வழியாகத்தான். தமிழ் மெதடிஸ்ட் சபைகளில் திராட்சரசம் என்று சொல்லிப் பழச்சாறு பரிமாறுவது அந்தப் பாரம்பரியத்தில் வருவது.

திராட்சை என்ற பெயரே எங்கோ போய் ஒளிந்துகொண்ட பானமும் நம் கடைகளில் இருக்கிறது. ரிபீனா கருப்புக் கரன்ட் பழத்தில் செய்வது. கரன்ட் என்பது கிரேக்க நாட்டுக் கொரிந்துத் துறைமுகத்தின் பெயர். அங்கிருந்து வந்த சின்னஞ்சிறு காய்ந்த திராட்சைக்கு ஊர்ப்பெயர் ஒட்டியது. அதைப் போலவே சிறிதாக இருந்ததால் வடக்கத்திய புதர்க்கனிக்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டார்கள். புதரின் லத்தீன் பெயரான ரைபீஸ், அரபியில் வேறொரு புளிப்புத் தண்டுச் செடியின் பெயர். ரிபீனா குடிக்கும்போது இரண்டு கடன் பெயர்களைச் சேர்த்துக் குடிக்கிறோம்.

இப்போது பசார் மாலாமில் பெட்டி பெட்டியாக வரும் பெரிய கருநீலக் கியோஹோவில் காட்டு லப்ரஸ்காவின் ரத்தம் ஓடுகிறது. ஓஹினோவே யாசுஷி 1937இல் ஜப்பானில் கலப்பினம் செய்து பெற்ற வகை அது. கியோஹோ என்றால் பெருஞ்சிகரம், அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து தெரிந்த ஃபூஜி மலையை நினைத்து வைத்த பெயர். தோலைப் பிதுக்கினால் சதை வழுக்கிக்கொண்டு தனியே வருகிறதே, அது லப்ரஸ்காவின் குணம். பணக்காரப் பழமாகிவிட்ட பச்சை ஷைன் மஸ்கட்டிலும், ஸ்டூபன் என்ற அமெரிக்க வகை வழியாக அதே வம்சம் உண்டு. இரண்டையும் நாம் திராட்சை என்றே வாங்குகிறோம். காட்டுக்கொடி வந்து சேர்ந்தது யாருக்கும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாமல் வந்தது இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு ஒட்டிப்போன ஃபைலாக்சரா என்ற பேன் போன்ற பூச்சி பிரான்சின் தோட்டங்களை வேரோடு தின்றது. நோய் கொண்டுவந்தவனிடமே மருந்து இருந்தது: அமெரிக்கக் காட்டுக்கொடிகளின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். அந்த வேர்களில் முக்கியமானது வைட்டிஸ் ரிப்பேரியா, ஆற்றங்கரைத் திராட்சை. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுத் தீவு ஒன்றில் அந்தக் கொடி மண்டிக்கிடந்ததைப் பார்த்துத்தான் ஜாக் கார்ட்டியே 1535இல் அதற்கு மதுத் தெய்வமான பாக்கஸின் பெயரை வைத்தார். அடுத்த ஆண்டே அது அரசகுமாரன் பெயரில் ஓர்லியான் தீவாயிற்று. கொடிக்குக் கிடைத்த ஒரு பெயரும் போயிற்று. மகாராஷ்டிரத் தோட்டங்களில் உப்புத் தண்ணீரையும் வறட்சியையும் தாங்க டாக்ரிட்ஜ் என்ற வேர் பயன்படுகிறது. டெக்சஸ் மாநிலத்து டாக் ரிட்ஜ் என்ற இடத்தின் காட்டுக்கொடி அது. டெனிசன் ஊர் டி.வி. மன்சன் எடுத்து வளர்த்தது. அந்தப் பக்கத்துக் கிஸ்மிஸ் பாயசத்தில் விழுந்தால், மேலே பாரசீகப் பழம், கீழே டெக்சஸ் வேர்.

சரி, இந்தக் காட்டுக்கொடியை இங்கே நட்டு வளர்க்கலாமா? மலாய் நண்பரிடம் கேட்டால் சிரிப்பார். ‘தானாம் அங்கூர்’, திராட்சை நடுகிறேன் என்றால் மலேசியப் பேச்சில் வேலையில்லாமல் சும்மா இருக்கிறேன் என்று பொருள். வேலையின்மையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லும் அங்கூர் என்ற அடியிலிருந்துதான் வருகிறது. பாரசீகப் பழத்துக்கும் அதற்கும் உறவில்லை, ஒலி மட்டும் ஒன்று. பட்டம் வாங்கி வீட்டில் இருப்பவன், என்ன செய்கிறாய் என்று கேட்பவரை இந்த ஒரு சிலேடையால் வாயடைத்துவிடுவான்.

தோட்டக்கலையிலும் அது ஏறக்குறைய உண்மை. ரிப்பேரியா நாற்பது பாகை வரைக்கும் உறைகுளிரைத் தாங்கும் என்று பெருமையடிக்கும் கொடி. அதற்குக் குளிர் வேண்டும். மாதக்கணக்கில் உறங்கி எழுந்தால்தான் மொட்டுகள் ஒன்றாக விழிக்கும். விதையைக்கூட இரண்டு மூன்று மாதம் குளிர்பெட்டியில் ஈரமணலோடு வைத்தெடுத்து முளைக்கப் போடுவார்கள். பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே, ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டரை ஒட்டி மழை கொட்டும் ஊரில் அது எங்கே உறங்கும்? இன்னொரு தொல்லை: காட்டுக்கொடிகளில் ஆண் தனி, பெண் தனி. ஆண் கொடியிலிருந்து தண்டு வெட்டி நட்டால் பேரன் காலத்திலும் காய்க்காது. வெப்பத்துக்கும் புழுக்கத்துக்கும் பழகியது வேண்டுமென்றால் தென்கிழக்கு அமெரிக்காவின் மஸ்கடைன்தான் சரியான ஆள். அதிலும் பெயர்க் கதை விடவில்லை. அதன் வெண்கல நிற வகைக்கு ஸ்கப்பர்நாங் என்று பெயர். வட கரோலினா ஆறு ஒன்றின் பெயர். அந்த ஆற்றுக்கோ, கரையில் நின்ற வேறொரு மணமர வகைக்கு அல்கான்கியன் மக்கள் வைத்திருந்த பெயர்.

இங்கே தாழ்வாரத்துத் தொட்டியில் வளர்ப்பவர்கள் நடுவது பெரும்பாலும் கலப்பின வகைகள். கொடி இலையாக இலையாகத் தள்ளும், காய்க்காது. ஊர்க்காரர்கள் உரம் போதவில்லை என்பார்கள். உண்மையில் குறைவது கத்தரி. குளிர்காலம் செய்யவேண்டிய வேலையை மனிதர் செய்ய வேண்டும்: இலையை உருவி, கிளையைக் குட்டையாக வெட்டி, கொஞ்சநாள் தண்ணீரைக் குறைத்தால் புதுத்தளிரோடு பூங்கொத்து வரும். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது இந்தக் கவாத்து முறையால்தான். வெட்டிய பிறகு மழை படாமல் மேலே ஒரு தகடு வேண்டும், இல்லாவிட்டால் இலையடியில் வெள்ளைப் பூஞ்சை ஏறிவிடும். மலேசியாவில் திராட்சைத் தோட்டம் என்று காட்டும்படி இருப்பது பெர்லிஸில், தீமா தாசோ ஏரிப் பக்கம். ஆண்டு தொடக்கத்தில் மழை ஓயும் மாநிலம் அது.

திராட்சையின் உறவுக்காரர்கள் இந்த நாட்டுக் காட்டிலேயே இருக்கிறார்கள். டெட்ராஸ்டிக்மா என்ற கொடி திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகின் மிகப் பெரிய பூவான ரஃப்ளீசியா பேராக்கிலும் சபாவிலும் மலர்வது இந்தக் கொடியின் உடலை உறிஞ்சித்தான். வேறு செடியில் அது வாழாது. மலாய்க்காரர்கள் அந்தப் பூவைப் பக்மா என்கிறார்கள். பத்மம்தான் பக்மா. தாமரையின் பெயர் தண்ணீரை விட்டுக் காட்டுக்குள் போய், அழுகிய இறைச்சி போல நாறும் பூவுக்கு உட்கார்ந்திருக்கிறது.

நம் வீட்டிலேயே ஒன்று உண்டு. கிள்ளானில் தமிழர் வீட்டு வேலியில் நாலு பட்டையாக ஏறிக்கிடக்கும் பிரண்டை திராட்சைக்கு நெருங்கிய உறவு; கணுவில் சுருளும் கம்பியைப் பார்த்தாலே முகச்சாயல் தெரியும். அந்தக் காலத் தாவரவியலார் அதை வைட்டிஸ் குவாட்ராங்குலாரிஸ் என்று எழுதினார்கள், நாற்பட்டைத் திராட்சை. பிறகு அதிலிருந்து வெளியேற்றி சிஸ்ஸஸ் என்ற பிரிவில் வைத்தார்கள். நாரை உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, நாக்கு அரிக்காமல் இருக்கப் புளியும் சேர்த்துத் துவையல் அரைப்பவருக்கு இதனால் ஒன்றும் குறையவில்லை. சிஸ்ஸஸ் என்பது கிரேக்கர்கள் ஐவிக் கொடிக்கு வைத்திருந்த பெயர்.